ஸ்பெகுலம்: படுத்திருப்பவர் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

மருத்துவக் கருவிகளைப் பற்றி எழுதப்படும் மதிப்பீடுகள் வழக்கமாகச் சில கேள்விகளோடு முடிந்துவிடும். பிடி கைக்குள் அடங்குகிறதா, திருகு இலகுவாகச் சுற்றுகிறதா, எத்தனை முறை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கலத்தில்) போட்டாலும் தாங்குமா என்பவை அவை. எல்லாம் நின்றுகொண்டிருப்பவரின் கேள்விகள். யோனியை விரித்துக் கருப்பை வாயைப் பார்க்க உதவும் ஸ்பெகுலத்தை உடம்புக்குள் வாங்கிக்கொள்பவர் கைப்பிடிக்கு எதிர்முனையில் படுத்திருக்கிறார். உள்ளே போகும் அலகு சில்லென்று இருந்ததா, மூடும்போது சதையைக் கவ்வியதா, போதும் என்று சொன்னபோது கை நின்றதா என்று எந்த விற்பனைக் குறிப்பிலும் அச்சாவதில்லை. அதனால் இங்கே கருவியை மட்டும் தனியாக எடைபோடவில்லை. அதைப் பிடிக்கும் கை, கேட்கப்படும் சம்மதம், பரிசோதனை உண்மையிலேயே தேவைதானா என்ற கேள்வி, மூன்றையும் சேர்த்தே பார்க்கிறோம்.

முதலில் வகைகள். புழக்கத்தில் அதிகம் இருப்பது வாத்தின் அலகைப் போல இரண்டு தகடுகள் கொண்ட கஸ்கோ. அதே குடும்பத்தில் கிரேவ்ஸ், பீடர்சன் என்று இரண்டு உண்டு. கிரேவ்ஸின் அலகு அகலமானது, நடுத்தர அளவில் சுமார் மூன்றரை செ.மீ.; பக்கங்கள் லேசாக வளைந்திருக்கும். பீடர்சன் தட்டையானது, குறுகியது, நடுத்தர அளவில் சுமார் இரண்டரை செ.மீ. நீளம் இரண்டுக்கும் பத்து, பதினொன்று செ.மீ. சுற்று. இந்த ஒரு செ.மீ. வித்தியாசம் காகிதத்தில் சிறியது, உடம்பில் பெரியது. பிள்ளை பெறாதவர்கள், மாதவிடாய் நின்றவர்கள், டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்ளும் திருநம்பிகள் என்று பலருக்கும் பீடர்சனே பொருந்தும். ஆனால் பரிசோதனைத் தட்டில் கிரேவ்ஸ் ஒன்றே இருந்தால் எல்லோருக்கும் கிரேவ்ஸ்தான் போகும். ஒரு மருத்துவமனையை மதிப்பிட எளிய வழி, "சின்ன அளவு இருக்கிறதா?" என்று கேட்பது. இழுப்பறையைத் திறந்து எடுத்துக் காட்டினால் நல்ல இடம். "இதுவே சின்னதுதான், பயப்படாதீங்க" என்று பதில் வந்தால் அங்கே இருப்பது ஒரே அளவு.

மறுபுறம், சிறிய அளவுதான் எப்போதும் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். பல பிரசவங்களுக்குப் பின் யோனியின் பக்கச்சுவர்கள் தளர்ந்திருந்தால், குறுகிய அலகின் இருபுறமும் சுவர் உள்ளே சரிந்து கருப்பை வாயை மறைத்துவிடும். பார்ப்பவர் தேடுவார், திருப்புவார், மறுபடி நுழைப்பார். அந்தத் தேடல்தான் வலி. இதற்குக் கைவசம் ஒரு தீர்வு உண்டு: ஆணுறையின் நுனியை வெட்டிவிட்டு அலகுகளின் மேல் உறை மாதிரி ஏற்றினால், அலகு விரியும்போது ரப்பர் பக்கச்சுவரைத் தாங்கிப் பிடிக்கும். லேடக்ஸ் ஒவ்வாமை இருக்கிறதா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உலோகமா, பிளாஸ்டிக்கா? உலோகத்துக்குத் திருகு உண்டு. சத்தமில்லாமல், இழை இழையாகத் திறக்கலாம். 134 டிகிரியில் மூன்று நிமிடம் நீராவி அழுத்தம் கொடுத்தால் சுத்தம், பல ஆண்டு உழைக்கும், குப்பை சேராது. அதன் பெரிய குறை குளிர். அதுவும் குறை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் காட்டினால் தீர்ந்துவிடும். உள்ளே கொண்டுபோகும் முன் தொடையின் உட்புறத்தில் தொட்டுக் காட்டி "சூடு சரியா?" என்று கேட்க வேண்டும். ஆட்டோகிளேவிலிருந்து நேராக வந்த கருவி குளிர்ந்ததை விட ஆபத்தானது, அதற்காகவும் இந்தத் தொடுகை அவசியம்.

பிளாஸ்டிக் குளிராது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்துவதால் தொற்று பயம் இல்லை, சிலவற்றில் உள்ளேயே விளக்கும் இருக்கிறது; ஒளி ஊடுருவுவதால் சுவரையும் பார்க்கலாம். ஆனால் திறப்பது பல்பல்லாக ஏறும் பூட்டு. "கடக், கடக்" என்று அறை முழுக்கக் கேட்கும். எதிர்பாராமல் கேட்பவர் ஏதோ உடைந்துவிட்டது என்று உடலை இறுக்கிக்கொள்வார், இறுக்கினால் வலி கூடும். "இப்போது ஒரு சத்தம் வரும், கருவியின் சத்தம்தான்" என்று முன்கூட்டிச் சொல்ல மூன்று நொடி போதும். இன்னொரு பிரச்சினை, அளவுக்கு மீறி அழுத்தினால் மலிவான அலகு விரிசல் விடும். மூடும்போது பூட்டு விடுபடாமல் சிக்கிக்கொள்வதும் உண்டு. பயன்படுத்தும் முன் வெளியிலேயே ஒருமுறை திறந்து மூடிப் பார்க்காத கையை நம்பக் கூடாது.

இனி, இந்தக் கருவி ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு வருவோம். கைப்பிடிக்கு இவ்வளவு யோசித்தவர்கள் அலகுக்கு ஏன் யோசிக்கவில்லை என்பதற்கான பதில் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. இன்றும் அறுவை அரங்குகளில் புழங்கும் ஒற்றை அலகுக் கருவி சிம்ஸ் ஸ்பெகுலம். மருத்துவர் ஜே. மேரியன் சிம்ஸ் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரியில் 1845 முதல் 1849 வரை, அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள் மேல் ஃபிஸ்டுலா அறுவைகளைச் செய்து பழகினார். பிரசவச் சிக்கலால் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவில் விழும் ஓட்டைதான் ஃபிஸ்டுலா. சிறுநீர் ஓயாமல் கசியும். முதலில் ஒரு வெள்ளீயக் கலவைக் கரண்டியின் காம்பை வளைத்துத்தான் அவர் உள்ளே பார்த்தார். அந்தப் பெண்களில் மூவரின் பெயர் மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கிறது: அனார்கா, பெட்ஸி, லூசி. அனார்காவுக்கு மட்டும் சுமார் முப்பது அறுவைகள். மயக்க மருந்து கிடையாது. ஈதரின் பயன் 1846இல் பாஸ்டனில் எல்லோருக்கும் தெரியச் செய்து காட்டப்பட்ட பிறகும் கிடையாது. அடிமையின் சம்மதம் என்பது உரிமையாளரின் சம்மதமாக இருந்த காலம் அது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற சிம்ஸின் சிலை 2018 ஏப்ரலில் அகற்றப்பட்டது. 2021இல் மான்ட்கோமரியிலேயே அந்த மூன்று பெண்களுக்கும் சிலைகள் எழுந்தன.

பிரிட்டனில் இதே கருவி காவல்துறையின் கைக்குப் போனது. 1864, 1866, 1869 ஆண்டுகளின் தொற்றுநோய்ச் சட்டங்கள், படைமுகாம் ஊர்களிலும் துறைமுகங்களிலும் பாலியல் தொழிலாளி என்று சந்தேகப்படும் எந்தப் பெண்ணையும் ஸ்பெகுலப் பரிசோதனைக்கு உட்படுத்த அனுமதித்தன. மறுத்தால் சிறை. நோயைக் கொண்டுவரும் படைவீரர்களுக்குப் பரிசோதனை இல்லை. பெண்ணுரிமைப் போராளி ஜோசஃபின் பட்லர் முன்னின்று நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1886இல்தான் சட்டம் ஒழிந்தது. ஆக, "வெறும் பரிசோதனைதானே" என்ற வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேலான வற்புறுத்தல் இருக்கிறது. பயப்படும் பெண்ணை மிகைப்படுத்துகிறவள் என்று சொல்லும் முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

கருவி கை மாறிய தருணமும் உண்டு. 1971இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கேரல் டவுனர் என்பவர் ஒரு பெண்கள் கூட்டத்தில் பிளாஸ்டிக் ஸ்பெகுலம், கண்ணாடி, டார்ச் மூன்றையும் வைத்துத் தன் கருப்பை வாயைத் தானே பார்த்து மற்றவர்களுக்கும் காட்டினார். அதிலிருந்து சுயஉதவிக் குழுக்கள் பரவின. 1972இல் போலீஸ் சோதனை நடத்தி, உரிமம் இல்லாமல் மருத்துவம் செய்ததாக அவர் மேல் வழக்குப் போட்டது, நீதிமன்றம் விடுவித்தது. இதன் பயன் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது: ஸ்பெகுலத்தைப் பெண்ணே நுழைத்துக்கொள்ளலாம். அலகுகளை மூடிய நிலையில், மூச்சை வெளியே விட்டபடி, முதுகெலும்பின் அடி நோக்கிச் சாய்வாக அவரே உள்ளே தள்ளுவார்; திறப்பதையும் கருப்பை வாயிலிருந்து மாதிரி எடுப்பதையும் மருத்துவர் செய்வார். டாம்பூனோ மாதவிடாய்க் கோப்பையோ பயன்படுத்திப் பழகியவருக்கு இது கடினமே இல்லை. கேட்டால் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. தாமாகவே சொல்லும் இடங்கள்தான் அபூர்வம்.

நல்ல பரிசோதனை எப்படி நடக்கும் என்பதைப் படியாகச் சொல்வது அவசியம், ஏனென்றால் ஒப்பிட அளவுகோல் இல்லாமல் "எனக்குத்தான் வலி தாங்கத் தெரியவில்லை" என்று முடிவுக்கு வருபவர்கள் ஏராளம். உடையோடு உட்கார்ந்திருக்கும்போதே பேச்சு முடிந்திருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். நிறைந்த பை அழுத்தத்தைக் கூட்டும். இடுப்புக்குக் கீழ் மட்டும் உடை களைந்தால் போதும், மேலே போர்த்திக்கொள்ளத் துணி, கதவுக்குத் திரை. கால்களைத் தூக்கி மாட்டும் தாங்கி பெரும்பாலும் தேவையே இல்லை. 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வு, தாங்கி இல்லாமல் பாதங்களை மேசையில் ஊன்றிப் படுத்த பெண்களுக்கு அசௌகரியமும் கையறு நிலையில் கிடக்கும் உணர்வும் குறைந்ததைக் காட்டியது. அப்படிப் படுக்கும்போது கைப்பிடி மெத்தையில் இடிக்கும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். கைப்பிடியை மேல்நோக்கித் திருப்பிப் பிடித்தால் இடிக்காது. முதுகில் படுக்க முடியாதவர்கள், காலில் இறுக்கமுள்ள மாற்றுத்திறனாளிகள், ஒருக்களித்துப் படுத்தும் பரிசோதனை செய்துகொள்ளலாம். மேசை சக்கர நாற்காலியின் உயரத்துக்கு இறங்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அங்கே பரிசோதனை என்பதே இல்லை. தூக்கிக் கிடத்துவதைத் தீர்வு என்று ஏற்க முடியாது.

பிறகு ஜெல். நீர் சார்ந்த வழுக்கு ஜெல்லை அலகின் வெளிப்புறத்தில் மெல்லியதாகத் தடவ வேண்டும், நுனியை விட்டுவிட்டு. "ஜெல் போட்டால் மாதிரி கெட்டுவிடும்" என்று வறட்டுக் கருவியை நுழைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அளவாக, கார்போமர் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் கலக்காத ஜெல்லாக இருந்தால், மாதிரியைத் திரவத்தில் போட்டுப் பார்க்கும் திரவ முறைப் பரிசோதனைக்குப் பிரச்சினை இல்லை. மாதவிடாய் நின்று திசு மெலிந்தவர்களுக்குச் சில வாரங்கள் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பூசச் சொல்லிவிட்டுப் பிறகு வரச் சொல்வது இன்னும் நல்லது. அன்றைக்கே முடித்துவிட வேண்டிய அவசரம் அநேகமாக இருப்பதில்லை.

நுழைக்கும்போது அழுத்தம் கீழ்ச்சுவர் பக்கம் போக வேண்டும். மேலே சிறுநீர்த்துவாரமும் அதைச் சுற்றிய நரம்புகளும். அங்கே இரும்பு உரசினால் கண்ணில் நீர் வந்துவிடும். கருப்பை வாய் தெரியவில்லை என்றால் இன்னும் அகலமாகத் திறப்பது தவறு. மூடி, இரண்டு செ.மீ. பின்வாங்கி, கோணத்தை மாற்றி, மறுபடி போக வேண்டும். கருப்பை பின்னோக்கிச் சாய்ந்தவர்களுக்கு வாய் மேல்புறமாகத் திரும்பியிருக்கும். இடுப்புக்கடியில் முஷ்டிகளையோ மடித்த துண்டையோ வைத்தால் கண்ணுக்கு வரும்.

வெளியே எடுக்கும் கட்டத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. மாதிரி கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது என்று கை அவசரப்படும். உள்ளேயே முழுதாக மூடினால் அலகுகளுக்கு நடுவே கருப்பை வாயோ சுவரோ மாட்டிக்கொள்ளும். திருகைத் தளர்த்தி, அலகை விரலால் சற்றே விரித்தபடி கருப்பை வாயைத் தாண்டும் வரை பின்னே இழுத்து, அதற்குப் பிறகுதான் தானாக மூட விட வேண்டும். திருகைத் தளர்த்தாமல் விரிந்த நிலையிலேயே இழுப்பதும் நடக்கிறது. இவை கவனக்குறைவால் வருபவை. உடற்கூறின் மேல் பழி போட இடமில்லை.

சொற்களுக்கும் தனி மதிப்பெண் தர வேண்டும். "காலை விரிங்க" என்பதற்குப் பதில் "முட்டியை என் கை தொடும்வரை பக்கவாட்டில் விடுங்க" எனலாம். "வலிக்காது" என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது, அது அவர்கள் கையில் இல்லை. "அழுத்தம் தெரியும், வலித்தால் சொல்லுங்க, நிறுத்திடுவேன்" என்பதே நேர்மை. நிறுத்துவேன் என்றால் நிறுத்த வேண்டும். "இதோ முடிஞ்சிடுச்சு, ரெண்டு நிமிஷம்" என்று தொடர்வதில் சம்மதம் ஏற்கெனவே முறிந்துவிட்டது. நுழைக்கும் முன் சொன்ன "சரி" நுழைத்த பிறகும் செல்லுபடியாகும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

சம்மதத்தை நான்காகப் பிரித்துக் கேட்பது எங்கள் அளவுகோல்: கண்ணால் பார்ப்பது, ஸ்பெகுலம், மாதிரி எடுப்பது, விரல்களால் உள்ளே தொட்டுப் பார்ப்பது. ஒன்றுக்குச் சொன்ன சம்மதம் மற்றதற்குப் பொருந்தாது. மாதிரி எடுக்க வந்தவருக்கு, கேட்காமலே விரல் பரிசோதனையும் நடந்துவிடுவது மிகச் சாதாரணமாக நிகழ்கிறது. அறையில் மாணவர்கள் இருந்தால் எத்தனை பேர், பார்க்க மட்டுமா, செய்யவுமா என்பது ஐந்தாவது கேள்வி.

இவ்வளவும் பரிசோதனை தேவைப்படும்போது. தேவையே இல்லாத இடங்கள் எத்தனை என்று பார்த்தால் கோபம் வரும். எந்தத் தொந்தரவும் இல்லாத, கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு வழக்கத்துக்காகச் செய்யும் இடுப்புக்குழிப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2014இலேயே பரிந்துரைத்துவிட்டது. கருத்தடை மாத்திரை எழுதித் தர ஸ்பெகுலம் தேவையில்லை. கூட்டு ஹார்மோன் மாத்திரைக்கு இரத்த அழுத்தம் பார்த்தால் போதும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. காப்பர் டி போடுவதற்கு வேண்டும், அது நியாயம். புற்றுநோய் அல்லாத காரணத்துக்காகக் கருப்பை வாயோடு சேர்த்துக் கருப்பையை எடுத்துவிட்டவர்களுக்கு, முன்பு பெரிய மாற்றங்கள் கண்டறியப்பட்டிருக்காவிட்டால், பாப் பரிசோதனையை (கருப்பை வாயின் செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பதை) தொடர வேண்டியதில்லை. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு "முதலில் படுங்க" என்று சொல்வது மருத்துவம் ஆகாது, அது வாசலில் நின்று சுங்கம் வசூலிப்பது.

கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையிலும் ஸ்பெகுலத்துக்கு இப்போது மாற்று வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி எச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) டிஎன்ஏ பரிசோதனையை முதல் பரிசோதனையாக வைத்து, மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. பொதுவாக முப்பது வயதிலிருந்து, ஐந்து முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை; எச்ஐவி உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து, மூன்று முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. பஞ்சுக்குச்சியையோ சிறு தூரிகையையோ சுமார் ஐந்து செ.மீ. உள்ளே விட்டு, குறிப்பில் சொன்னபடி சில சுற்றுகள் சுழற்றி எடுத்துக் குப்பியில் போட்டால் முடிந்தது. கருப்பை வாயைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிசிஆர் முறையில் ஆய்வு செய்தால் மருத்துவர் எடுத்த மாதிரிக்கு இணையான துல்லியம். தவறு எங்கே நடக்கும் என்றால், யோனியின் வாயிலிலேயே சுழற்றிவிட்டு எடுப்பது, குச்சியை அங்கே இங்கே வைத்துவிடுவது, மாதவிடாயின் அதிகப்போக்கு நாட்களில் எடுப்பது. எங்கள் கணக்கில், மாதிரியைத் தானே எடுக்க உதவும் இந்தப் பெட்டிக்கு மிக உயர்ந்த மதிப்பெண், இரண்டு எச்சரிக்கைகளோடு. இந்த மாதிரியில் பாப் பரிசோதனை செய்ய முடியாது, எச்பிவி மட்டுமே பார்க்கலாம். உறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருப்பவர்கள் இந்தப் பெட்டியை வாங்கித் திருப்திப்படக் கூடாது. அவர்களுக்கு ஸ்பெகுலம் வேண்டும், நல்ல கையில்.

எச்பிவி இருப்பதாக முடிவு வந்தால் அடுத்த கட்டத்துக்கும் ஸ்பெகுலம்தான். பெட்டியைக் கொடுக்கும் நிறுவனமோ திட்டமோ அந்த அடுத்த கட்டத்துக்கு வழி வைத்திருக்கிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள். "முடிவை மெசேஜில் அனுப்புவோம்" என்பதோடு நின்றால், பயத்தைத்தான் விற்கிறார்கள். உண்மையான பரிசோதனை என்றால் எங்கே போவது, யாரைப் பார்ப்பது, எத்தனை நாளுக்குள் என்று முதலிலேயே தெரிய வேண்டும்.

புதிய வடிவங்கள் பற்றிச் சுருக்கமாக. சிலிகான் பூச்சு, இரண்டுக்குப் பதில் மூன்று இதழ்கள், டாம்பூன் போல நுழைக்கும் மென்மையான கருவி என்று வடிவமைப்பாளர்கள், பலர் பெண்கள், முன்மாதிரிகள் செய்து காட்டியிருக்கிறார்கள். மூன்று இதழ் சரியான திசை. பக்கச்சுவர் சரியும் பிரச்சினையைப் பொறுத்தவரை இரட்டை அலகால் முடியாததை அது செய்கிறது. ஆனால் வெதுவெதுப்பான நீரும், மூன்று அளவுகளும், நிதானமான கையும் இன்றே கிடைக்கக்கூடியவை. புதுக் கருவி வரட்டும் என்று அதற்காகக் காத்திருக்கக் காரணமில்லை.

கடைசியாக, மயக்கத்தில் இருக்கும்போது நடப்பது. வேறு அறுவைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணின் மேல், அவருக்குத் தெரியாமல், மாணவர்கள் இடுப்புக்குழிப் பரிசோதனை செய்து பழகுவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. அமெரிக்க அரசு 2024 ஏப்ரலில், இத்தகைய பரிசோதனைகளுக்கு மருத்துவமனைகள் எழுத்தில் சம்மதம் பெற வேண்டும் என்று வழிகாட்டி வெளியிட்டது. உங்கள் இடத்தில் விதி எதுவாக இருந்தாலும் ஒப்புதல் படிவத்தில் "பயிற்சிக்காக" என்ற சொல்லோ "தேவையான பிற பரிசோதனைகள்" என்ற வரியோ இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதன் குறுக்கே கோடிட்டு, "மயக்கத்தில் இருக்கும்போது பயிற்சிக்கான உட்பரிசோதனைக்கு என் சம்மதம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடுங்கள். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து, உடன் வருபவரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.